ஆறு நல்ல பற்கள்

பெட்டிக்குள் இருந்தது என் அக்காவின் வாய்.

போன வாரம் இந்த இடத்தில்தான் விட்டேன். லேபிலிருந்து வந்த அட்டைப் பெட்டி. அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் மஞ்சள் கல்லில் வார்த்த இரண்டு பல் மாதிரிகள். ஒன்று, வாயில் உள்ளது உள்ளபடி. இன்னொன்றில் முன்பற்கள் ஆறின் மேலும் வெள்ளை மெழுகு, ஒவ்வொரு பல்லும் இரண்டு மில்லிமீட்டர் நீளமாக. பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் நம்பர்.

எனக்குப் பெயர் எதற்கு? இடது சிங்கப்பல் கொஞ்சம் திரும்பி நிற்கிறது. முன்பல் ஒன்றின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு துண்டு இல்லை, படிக்கட்டில் விழுந்து உடைந்தது. அந்தப் படிக்கட்டில் அவளைத் தள்ளிவிட்டதே நான்தான்.

இந்த வாரம் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. நான் பல் டாக்டர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கிளினிக்கில் என்னைச் சின்ன டாக்டர் என்பார்கள். பெரிய டாக்டர் என்றால் மேடம். கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தவர், பட்டம் கைக்கு வந்த மறுவாரமே 'நீ என் பொண்ணு மாதிரி' என்று கூப்பிட்டு வேலை கொடுத்தவர்.

அக்கா ஒரு பெரிய ஹோட்டலின் கீழ்த்தளத்தில் எட்டு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். சன்னல் இல்லாத அறை, நாள் முழுக்க இஸ்திரி ஆவி. இப்போது மேலே வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள். முதல் சுற்றில் மேனேஜர் கொடுத்த தாளில் ஐந்து டிக், ஒரே ஒரு பெருக்கல் குறி. அதற்கு எதிரே: 'சிரிப்பு போதவில்லை. பல் தெரியவில்லை.'

போதவில்லையாம். உப்பு போதவில்லை என்பது மாதிரி.

கடைசிச் சுற்று நாளை பிற்பகல் மூன்று மணிக்கு.

மணி ஒன்பது. மாதிரியை மேசையில் வைத்துவிட்டு லேபுக்குப் போன் போட்டேன். எடுத்தது மெழுகு அண்ணன். மெழுகில் பல் செதுக்கியே தலை நரைத்தவர்.

"சொல்லுங்க சின்ன டாக்டர். வந்துச்சா? முன்பல்லு ரெண்டையும் பாத்தீங்களா? ராஜகுமாரி பல்லு!"

"அண்ணே, இந்த அளவு எப்ப வந்துச்சு?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அவசரம்னு மேடமே போன் போட்டாங்க. ஏன் கேக்கறீங்க? நீங்கதானே அனுப்பிச்சீங்க?"

"நானா?"

"சீட்டுல உங்க பேருதானே இருக்கு."

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அன்று காலை அக்காவுக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். 'இன்னிக்கு வர நேரமாகும்டி, ரெண்டு ஷிப்ட்' என்றாள். பாவம் என்று நினைத்து என் குடையைக் கொடுத்து அனுப்பினேன்.

என் குடையைப் பிடித்துக்கொண்டு என் கிளினிக்குக்கே வந்திருக்கிறாள்.

கம்ப்யூட்டரில் அந்த நம்பரைப் போட்டுக் கேஸ் தாளைத் திறந்தேன். அக்காவுக்கு இருபது நாள் முன்பு நான் எழுதிய தாள்தான். ஆனால் அதில் நான் எழுதியது எதுவும் இல்லை.

சிரித்தால் பல் தெரியாததற்குக் காரணம் பல. பல் தேய்ந்து குட்டையாகி இருக்கலாம். ஈறு பாதிப் பல்லை மூடியிருக்கலாம். மேலுதடு நீளமாக இருக்கலாம். மேல்தாடை எலும்பின் வளர்ச்சியே குறைவாக இருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால், உதடு தூக்க வேண்டிய அளவுக்குத் தூக்கவில்லை என்று அர்த்தம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று பார்க்காமல் பல்லில் கை வைப்பது, கதவு திறக்கவில்லை என்று சுவரை இடிக்கிற கதை.

நான் பார்த்தேன். 'அம்மா' என்று சொல்லி வாயை அப்படியே தளர்த்தச் சொன்னேன். மேல் முன்பல் மூன்று மில்லிமீட்டர் தெரிந்தது. அவள் வயதுக்குச் சரி. பல்லின் நீளம் பத்தரை. குறை சொல்ல ஒன்றுமில்லை. மூக்கடியிலிருந்து உதட்டு விளிம்பு வரை இருபது. அதுவும் சரி. கடைசியாகச் சிரிக்கச் சொன்னேன். ஏழெட்டு மில்லிமீட்டர் மேலே ஏற வேண்டிய உதடு, இறுகிக் கீழே இறங்கியது. பல் நுனிவரை வந்து நின்றது. ஷட்டர் போட்ட மாதிரி.

'பல்லில் குறை இல்லை. உதட்டுப் பழக்கம். பயிற்சி போதும்' என்று எழுதினேன். கண்ணாடி முன்னால் தினம் இரண்டு வேளை, உதட்டைத் தூக்கிப் பத்து எண்ணி இறக்க வேண்டும். மூன்று மாதத்தில் சரியாகிவிடும். அக்கா நாலு நாள் செய்தாள். ஐந்தாம் நாள், 'கண்ணாடியைப் பாத்தாலே கோவம் வருதுடி' என்று நிறுத்திவிட்டாள்.

இப்போது திரையில் இருந்த தாளில், உதடு தளர்ந்த நிலையில் தெரியும் பல்: பூஜ்யம். பல்லின் நீளம்: எட்டு. முடிவு: குட்டைப் பற்கள், ஆறு பல்லையும் ராவி நீளமான பீங்கான் கேப். திருத்திய நேரம் செவ்வாய் மாலை நாலு பத்து. பரிசோதித்த டாக்டர் என்ற இடத்தில் என் பெயர்.

ராவிய பல் மறுபடி வளராது. நகம் அல்ல அது.

வரவேற்பு மேசைக்கு ஓடினேன். அங்கே உட்காரும் பெண் போனைக் காதில் வைத்தபடியே கண்ணைத் தாழ்த்தினாள்.

"பதினொரு மணிக்குப் போட்டிருக்கற கேஸ் எப்ப வருது?"

"மேடம் முன்னாடியே வரச் சொல்லிட்டாங்க. எட்டே முக்காலுக்கே வந்தாச்சு. ரெண்டாம் ரூம்ல."

"யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? தினம் ஒரே டப்பாவுல சாப்பிடறோமே?"

"மேடம் சொல்லக் கூடாதுன்னாங்க." போனைக் கீழே வைத்தாள். அதில் யாருமே பேசவில்லை போலிருக்கிறது. "அதான் காலையிலேருந்து உங்க மூஞ்சியைப் பாக்க முடியல."

இரண்டாம் அறைக் கதவைத் தட்டவில்லை. தள்ளினேன்.

அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கழுத்தில் பச்சைத் துணி. விளக்கு அவள் வாய் மேல். மேடம் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ராவும் கருவியைக் கையில் எடுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் மாஸ்க்குக்கு மேல் அவர் கண் சிரித்தது.

"வாம்மா. சரியான நேரத்துல வந்த. பக்கத்துல நின்னு பாரு, கத்துக்கலாம்."

"கருவியைக் கீழ வைங்க மேடம்."

அவரிடம் அந்த மாதிரி ஒரு வாக்கியம் அதுவரை நான் சொன்னதில்லை. 'கொஞ்சம் பாக்கறீங்களா மேடம்', 'சரியா மேடம்', இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மொழி.

"ஏய், சத்தம் போடாத." அக்காதான். வலது பக்க உதடு ஏற்கெனவே மரத்துப்போய், வார்த்தை குழைந்து வந்தது.

"ரெண்டு ஷிப்ட்டுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"என் குடையை வாங்கிட்டுப் போன."

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு, கொண்டுபோனேன். அதுக்கென்ன இப்ப?"

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அக்கா விளக்கைப் பார்த்தாள். "அம்மாதான் கூட வந்தா."

அதன் பிறகு அந்த அறையில் நான் யாரைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"வெளிய வா, பேசலாம்" என்று மேடம் என் முழங்கையைப் பிடித்து எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப்போனார். கூடவே அக்காவின் கேஸ் ஃபைலையும் எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்திய பிறகுதான் மாஸ்க்கை இறக்கினார். கோபமே இல்லை அந்த முகத்தில். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அடுத்த மாசம் எனக்கு மாநாட்டுல பேச்சு இருக்கு, தெரியும்ல? சிரிச்சா பல்லு தெரியாதவங்களைப் பத்தி. எட்டு கேஸ் காட்டணும். ஏழுதான் இருந்துச்சு."

"எட்டாவது என் அக்காவா?"

"அவளுக்கு வேலை கிடைக்கும், எனக்குக் கேஸ் கிடைக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவளுக்குப் பயிற்சி போதும். அளவெடுத்து எழுதி வச்சிருந்தேன்."

"கண்ணாடியைப் பாத்துச் சிரிக்கச் சொன்னேன், சரியாப் போச்சுன்னு மேடையில நின்னு சொல்லவா? யாரு கை தட்டுவா?"

"அதுக்காகப் பத்தரையை எட்டுன்னு போடுவீங்களா? அதுவும் என் பேர்ல?"

"பாத்தவர் ஒருத்தர், செஞ்சவர் ஒருத்தர்னு ரெண்டு டாக்டர் இருக்கணும்னு விதி. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? நீ என் பொண்ணு மாதிரி."

"பொண்ணு பேரைத் திருடுவாங்களா மேடம்?"

அவர் பார்வை என் கைக்கு இறங்கியது. "முதல் தடவை ஊசி பிடிச்சப்ப உன் கை நடுங்குச்சு. மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டது யாரு?"

பிடித்தது அவர்தான். அந்தக் கைச்சூடு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கெட்டவர்கள் முழுசாகக் கெட்டவர்களாக இருந்துவிட்டால் எவ்வளவு வசதி!

பேச்சை மாற்ற அவர் ஃபைலைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கவர் நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். இரண்டு பழைய போட்டோக்கள்.

சிரிப்பைப் பற்றிக் குறை சொல்லி யார் வந்தாலும், 'சின்ன வயசு போட்டோ கொண்டு வாங்க' என்றுதான் நாங்கள் ஆரம்பிப்போம். முன்பு எப்படிச் சிரித்தார் என்று பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும். அறுபது வயது ஆளிடமும் கேட்பேன், ஆறாம் வகுப்புப் பிள்ளையிடமும் கேட்பேன். அக்காவிடம் கேட்கவில்லை. ஒரே பாயில் வளர்ந்தவளிடம் என்ன போட்டோ கேட்பது?

மேடம் கேட்டிருக்கிறார்.

என் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழா. முதல் போட்டோவில் எனக்குப் பதினொரு வயது, கையில் கோப்பை. பக்கத்தில் பதினேழு வயது அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறாள். மேல் வரிசை முழுக்கத் தெரிகிறது. ஈறுகூடக் கொஞ்சம் தெரிகிறது. பற்களில் பழுப்புக் கறை. அவள் குடித்து வளர்ந்த கிணற்றுத் தண்ணீர் அப்படி. எனக்குப் பல் முளைக்கிற நேரத்தில் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதால் நான் தப்பித்தேன்.

இரண்டாவது போட்டோ அதே இடம், அதே உடை, அதே கோப்பை. அக்காவின் உதடு ஷட்டர் போட்டிருக்கிறது.

"இதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அழகான சிரிப்பு."

"அப்ப உதட்டுக்கும் ஒண்ணுமில்ல, பல்லுக்கும் ஒண்ணுமில்லன்னு தெரியும்."

"தெரியும்" என்றார் மேடம்.

பொய் சொல்லியிருக்கலாம். தப்பாக அளந்துவிட்டேன் என்றிருக்கலாம். நான் நம்பியிருப்பேன், நம்புவதற்கு ஏழு வருடப் பழக்கம் எனக்கு.

போட்டோவோடு இரண்டாம் அறைக்குத் திரும்பினேன். மேடம் பின்னாலேயே வந்தார். அக்கா எழுந்து உட்கார்ந்து, மரத்த உதட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன் பல்லு நல்ல பல்லு. இவங்களுக்கே அது தெரியும். இந்தா, இதைப் பாத்துட்டும் தெரிஞ்சே ராவ வந்திருக்காங்க. என் பேர்ல பொய்க் கணக்கு எழுதி..."

அக்கா நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள். "என் தங்கச்சியே ஒத்துக்கிட்டா, வெக்கத்துல எங்கிட்ட சொல்லலைன்னு சொன்னீங்களே?"

மேடம் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பாத்தியா? எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

அக்கா எழவில்லை. கையை நீட்டி இரண்டு போட்டோவையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு, சொல்லு பாப்போம்."

"என்ன நடந்துச்சு?"

"ஞாபகம் இல்ல?"

"இல்லக்கா."

"போட்டோக்காரர் ஒண்ணு எடுத்தாரு. நீ என் கையைக் கிள்ளின. 'வாயை மூடுக்கா. பல்லு அசிங்கமா இருக்கு. என் போட்டோ கெட்டுப்போயிடும்'ன. எல்லாருக்கும் கேட்டுச்சு. முன்வரிசையில ஒரு அம்மா சிரிச்சாங்க. அவங்க பல்லு நல்லா இருந்துச்சு."

எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. கோப்பையின் கனம் ஞாபகம் இருக்கிறது, அதன் கைப்பிடி தளர்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

"எனக்குப் பதினொரு வயசுக்கா."

"எனக்குப் பதினேழு. வேற யாரு சொல்லியிருந்தாலும் துடைச்சுப் போட்டிருப்பேன். நீ சொன்ன."

"அந்தக் கறையை நான்தானே எடுத்துவிட்டேன்? என் முதல் பேஷண்ட்டே நீதானே?"

"எடுத்த. அன்னிக்கு எல்லாரும் உன் கையைத்தான் பாத்தாங்க. இந்த மேடம்கூட உன் முதுகைத் தட்டிக் குடுத்தாங்க. நான் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில சிரிச்சுப் பாத்தேன். உதடு எழும்பல. உள்ள முத்து மாதிரி பல்லு, வெளிய பூட்டு. சரி, இவ படிச்சவ, என்னிக்காவது கண்டுபிடிப்பான்னு இருந்தேன்."

"கண்டுபிடிச்சேனே! உதட்டுப் பழக்கம்னு எழுதினேனே!"

"ஆமா, பழக்கம். ஒரே வார்த்தையில முடிச்சிட்ட. யாரு பழக்கினதுன்னு கேட்டியா? தெருவுல போறவங்ககிட்ட எல்லாம் பழைய போட்டோ கேப்பியாமே. எங்கிட்ட ஏன் கேக்கல?"

"உன்னைத்தான் எனக்குத் தெரியுமேன்னு..."

"தெரியுமா?" அக்கா கத்தினாள். "என்ன தெரியும் உனக்கு? என்னடி தெரியும்?"

அப்போதுதான் பார்த்தேன். வலது பாதி மரத்துத் தொங்க, இடது பாதி உதடு சரசரவென்று மேலே ஏறியது. திரும்பி நிற்கிற சிங்கப்பல், அதற்குப் பக்கத்துப் பல், அரிசி அளவு உடைந்த முன்பல், மூன்றும் ஈறுவரை தெரிந்தன. ஏழு மில்லிமீட்டர். குறையாது. கண் தானாக அளந்துவிட்டது, அந்த நேரத்திலும்.

என் கணிப்பு சரி. உதடு நன்றாகவே எழும்புகிறது. பதினாறு வருடம் கழித்து என் அக்காவின் பல் தானாக வெளியே தெரிவதைப் பார்க்கிறேன், அவள் சிரிக்கவில்லை.

கத்தி முடித்ததும் உதடு தன்னால் இறங்கிக்கொண்டது.

"பயிற்சி செஞ்சா மூணு மாசத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு மூணு மாசம் இல்ல. நாளைக்கு மூணு மணிதான் இருக்கு. நல்ல பல்லு, நல்ல பல்லுங்கிற. இருந்துட்டு போகட்டும். எட்டு வருஷமா அந்த நல்ல பல்லு கீழ்த்தளத்துல என்ன பண்ணுச்சு? பெட்ஷீட்டைப் பாத்துச் சிரிச்சுதா?"

"அப்ப நாம ஆரம்பிக்கலாமா?" என்று மேடம் ஒரு சிரிப்புச் சிரித்துக் கருவியை எடுத்தார்.

"நீங்க வேணாம்" என்றாள் அக்கா.

"ஏம்மா?"

"நல்லா இருக்குன்னு தெரிஞ்சே கை வைக்க வந்தீங்கல்ல? அதான்." கழுத்துத் துணியின் கிளிப்பைக் கழற்றித் தட்டில் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவ செய்யட்டும்."

"அக்கா!"

"மூடச் சொன்னது நீ. திறந்துவிடறதும் நீயே செய். நாளைக்குக் காலையில."

மேடம் யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஏழு மணிக்குத் திறந்து வைக்கச் சொல்றேன். செய்யறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, செஞ்ச பின்னாடி ஒரு போட்டோ, எனக்கு அது போதும்." என்னைக் கடந்து போகும்போது குரலைத் தாழ்த்தினார். "முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்த அளவு யார் பேர்ல இருக்குன்னு நினைச்சுக்கோ. நான் எழுதினதுன்னு நீ சொல்லலாம். நீ எழுதினதுன்னு கம்ப்யூட்டர் சொல்லும்."

அக்காவோடு வெளியே வந்தேன். கூடவே நடந்தோம் என்று சொல்ல முடியாது. அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். என் பையில் லேப் பெட்டி.

வீட்டில் அம்மா அக்காவின் நாளைய உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா நேராக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சொன்னா நீ பாடம் எடுப்ப."

"அவ பல்லை வெட்ட இருந்தாங்கம்மா!"

"உனக்குப் பத்து வழி இருக்குடி. படிச்சிருக்க. இது இல்லன்னா அது. அவளுக்கு வந்திருக்கறது ஒண்ணு. அந்த ஒண்ணுக்கும் நீ குறுக்க நின்னுடுவியோன்னு பயமா இருந்துச்சு." கழுத்துப் பட்டியைத் திருப்பி மறுபடி தேய்த்தாள். "அந்தப் பரிசளிப்பு அன்னிக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடல அவ. நீ கோப்பையைக் கட்டிப்பிடிச்சுத் தூங்கின."

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். பட்டம் வாங்கியவளுக்கு மட்டும் தெரியாது. என்னைப் படிக்க வைத்து, படித்தவள் என்று ஒதுக்கியும் வைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டு மேசையில் பெட்டியைத் திறந்தேன். கல் வாய்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். மெழுகு அண்ணன் பொய் சொல்லவில்லை, அழகான வேலை. உதடு எழும்பாத அக்காவுக்கு அந்த இரண்டு மில்லிமீட்டர் கீழே எட்டிப் பார்க்கும். மேனேஜர் டிக் போடுவார். அப்புறம் ஒரு நாள் அக்கா நிஜமாகவே சிரித்துவிட்டால், குதிரைக்குப் பல் வைத்த மாதிரி இருக்கும். உள்ளே ஆறு பல்லும் ராவப்பட்டு, தீக்குச்சித் தலை மாதிரி நிற்கும். சாகும்வரை.

மெழுகு மாதிரியைக் கையில் எடுத்தேன்.

இதன் மேல் அச்சு எடுக்கலாம். அச்சுக்குள் பல் நிறப் பசையை ஊற்றி, ராவாத பல் மேல் அப்படியே அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் கெட்டியாகிவிடும். பல்லைத் தொடவே வேண்டாம். கேப் போட்டால் எப்படி இருக்கும் என்று பேஷண்ட்டுக்குக் காட்டுவதற்காக நாங்கள் செய்கிற வேலைதான். பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். ஒரு வாரம் தாங்கும், மிஞ்சினால் பத்து நாள். பிறகு உரிந்து வரும். அதற்குள் அவள் வரவேற்பு மேசையில் இருப்பாள். அதன் பிறகு மூன்று மாதம் என்ன, மூன்று வருடம்கூடப் பயிற்சி செய்யலாம்.

ஒரே ஒரு சிக்கல். அக்காவிடம் சொல்ல முடியாது. ஒட்டவைத்த பல் என்று தெரிந்தால் அதையும் மூடிக்கொள்வாள், பழுப்புக் கறையை மூடினாளே, அப்படி. எல்லாம் முடிந்துவிட்டது, இனி மறைக்க எதுவும் இல்லை என்று அவள் நம்ப வேண்டும். நம்ப வேண்டுமென்றால் ஊசி போட வேண்டும், உதடு மரக்க வேண்டும். ராவும் கருவியைச் சும்மாவாவது காதுக்குப் பக்கத்தில் ஓடவிட வேண்டும்.

அவள் வாய்க்குள், அவளுக்குத் தெரியாமல், அவள் நல்லதுக்காக.

மேடமும் செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்கு இப்படித்தான் நினைத்திருப்பாரோ என்று தோன்றியது. மாதிரியைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

வாசல்கதவு ஓரத்தில் என் குடை சாய்ந்திருந்தது. செவ்வாயிலிருந்து அங்கேதான் இருக்கிறது. நனையவே இல்லை.

"ஏய், டாக்டரம்மா."

அக்கா அறை வாசலில் நின்றாள். உதடு சரியாகிவிட்டிருந்தது. அதாவது, பழையபடி இறுகிவிட்டிருந்தது.

"காலையில ஏழு மணி. கடைசி நேரத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"ஆறையும் ராவுவியா?"

கல் வாய் என் உள்ளங்கையில் இருந்தது. மூடுவதற்கு அதற்கு உதடு இல்லை.

"ராவறேன்" என்றேன்.

அக்கா என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நம்பிவிட்டாள். பதினாறு வருடத்துக்கு முன்பும் நான் சொன்னதை இப்படித்தான் நம்பினாள்.